கடையில் பேசும், வீட்டில் பேசாது

பணி ஓய்வு பெற்ற அன்றைக்கு எனக்குச் சால்வை போர்த்தினார்கள். கொடைக்கானலில் சால்வை வாங்குவதில் ஒரு லாபம் உண்டு. கீழே சமவெளியில் செய்கிற மாதிரி மடித்து பீரோவில் வைத்து மறந்துவிட வேண்டாம், அப்படியே போர்த்திக்கொண்டு வீட்டுக்கு நடக்கலாம். நான் அப்படித்தான் நடந்தேன்.

கிளம்புவதற்கு முன்னால், பள்ளியின் கம்ப்யூட்டர் லேபில் என் இடத்துக்கு வந்திருக்கும் பெண்கள் இரண்டு பேர் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். "மேடம், ஒங்க சர்வீஸ்லயே ஒங்கள ரொம்பப் படுத்தின கம்ப்ளைன்ட் எது?" என்று ஒருத்தி கேட்டாள். ஒரு பழைய மெஷினுக்குப் புராசஸர் மாற்றினது என்றேன். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். "புராசஸர மட்டுமா? அதத் தனியா வேற மாத்துவாங்களா மேடம்?"

அவர்கள் மேல் தப்பில்லை. இப்போது வருகிற லேப்டாப்பில் புராசஸர் போர்டோடு ஒட்டிக்கொண்டே வருகிறது. மெதுவாக ஓடினால் மொத்தமாகத் தூக்கிப்போட்டுவிட்டுப் புதுசு வாங்க வேண்டியதுதான். ஆனாலும் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. என் கோபம் சீக்கிரம் வரும், சீக்கிரம் போகும், ஆனால் ஏதாவது ஒரு வேலையை முடித்துவிட்டுத்தான் போகும். இந்தக் கட்டுரை அந்த வேலை.

என் ஊர் பூண்டி. மேல்மலையில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பூண்டு, கேரட், உருளைக்கிழங்கு விவசாயம். நான் மட்டும் வத்தலக்குண்டில் தங்கி ஹார்டுவேர் கோர்ஸ் படித்தேன். "மலையில பூண்டு வெளையும், கெழங்கு வெளையும். கம்ப்யூட்டரு வெளையுமா தாயி?" என்று அப்பா கேட்டார். கோர்ஸில் கம்ப்யூட்டரின் படத்தை நோட்டில் வரையச் சொன்னார்கள், மெஷினைத் தொடவிடவில்லை. ஸ்க்ரூடிரைவரைப் பிடிக்கத் தெரியாமலேயே சர்டிபிகேட் வாங்கினேன். பிடிக்கக் கற்றது, பள்ளி வேலைக்கு வருவதற்கு முன்னால், கொடைக்கானலில் லூர்து அண்ணன் கடையில்.

லூர்து அண்ணன் அதற்கு முன்னால் டிவி மெக்கானிக். பஸ் ஸ்டாண்டுக்கு மேலே ஏறுகிற ரோட்டில் கடை. எந்நேரமும் மங்கி குல்லா, வாயில் விசில். யாராவது மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்தால் மெஷினைப் பார்க்கவே மாட்டார், ஆளைத்தான் பார்ப்பார். "என்ன கோளாறுன்னு சொல்லாதீங்க. கடைசியா எப்ப ஒழுங்கா ஓடுச்சு, அதச் சொல்லுங்க" என்பார். வந்தவர் யோசித்து யோசித்துச் சொல்வதற்குள் டீ வந்துவிடும். டீ முடியாமல் ஒரு திருகாணிகூடக் கழலாது. கழற்றின திருகாணிகளைப் போடுவதற்கு இட்லித் தட்டு வைத்திருந்தார். மூடியின் திருகாணிக்கு ஒரு குழி, போர்டின் திருகாணிக்கு ஒரு குழி, பவர் சப்ளைக்கு ஒன்று. குழி மாற்றிப் போட்டால் திட்ட மாட்டார். கோயில் பாட்டு ஒன்றை மெதுவாக விசிலடிக்க ஆரம்பிப்பார். தப்பு பெரிதாக ஆக ஆக பாட்டு இழுபடும். நான் சேர்ந்த புதிதில் சில நாள் அந்தப் பாட்டைக் கேட்டால் சாவு வீட்டில் உட்கார்ந்திருப்பது போலிருக்கும்.

அவருடைய பெருமையெல்லாம் ஒரு பெட்டி. கொடைக்கானலில் எந்த வீட்டு பீரோவைத் திறந்தாலும் உள்ளே ஒரு குண்டு பல்பு எரிந்துகொண்டிருக்கும். இல்லாவிட்டால் பட்டுச்சேலையில் பூசணம் பிடித்துவிடும், செருப்புக்கு மீசை முளைத்துவிடும். லூர்து அண்ணன் அதே யோசனையில் மெஷின்களுக்காகப் பலகையில் ஒரு பெட்டி செய்து, உள்ளே பல்பு மாட்டி வைத்திருந்தார். கடைக்கு எது வந்தாலும் முதலில் அந்தப் பெட்டிக்குள் ஒரு ராத்திரி குளிர்காய வேண்டும். ஏரிக்கரை லாட்ஜ் ஒன்றிலிருந்து வந்த மெஷினில் போர்டு முழுக்கப் பச்சையாகப் பாசி மாதிரி பூத்திருந்தது. வேறு எவனும் தொட்டிருக்க மாட்டான். பெட்டியில் வைத்துக் காயவிட்டு, பிரஷ்ஷால் தட்டி மாட்டினோம், ஓடியது. "ஒணத்திட்டுத்தான் ஓட்டணும்" என்பார். நானும் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன்.

இப்படி இருக்கும்போதுதான் ரெஜினா டீச்சர் வந்தார்.

ரெஜினா டீச்சர் ஒரு மிஷன் பள்ளியில் இங்கிலீஷ் டீச்சர். வாய் நீளம். பார்வை கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்தது. அந்த வருசம் எழுத்தே தெரியாத அளவுக்கு ஆகிவிட்டது. பாடம் நடத்துவதில் குறையில்லை, புத்தகம் முழுக்க மனப்பாடம். ஆனால் கொஸ்டின் பேப்பரும் மார்க் லிஸ்டும் இனிமேல் கம்ப்யூட்டரில்தான் அடித்துத் தர வேண்டும் என்று பள்ளியில் சட்டம் வந்துவிட்டது. தலைமை ஆசிரியையான சிஸ்டர் கெட்டவர் இல்லை. பனிக்கால லீவு முடிந்து பள்ளி திறக்கிற அன்று காலையில், யார் உதவியும் இல்லாமல் தன் கண் முன்னால் கம்ப்யூட்டரில் வேலை செய்து காட்டினால் ஒன்பதாம் வகுப்பு அவரிடமே இருக்கும் என்றார். முடியாவிட்டால் வகுப்பை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு ஓய்வுக்கு எழுதிக்கொடுத்துவிட வேண்டும்.

"என் கிளாஸ என் கையால எடுத்து இன்னொருத்திக்குக் குடுக்கவா? செத்தாலும் மாட்டேன்" என்று கடைக்குள் நுழைந்ததும் சொன்னார் டீச்சர்.

அவரிடம் ஒரு பேசும் கார்டு இருந்தது. திரையில் இருப்பதை வாய்விட்டுப் படிக்கிற கார்டு. ஒரு தொண்டு நிறுவனத்துக்கு எழுதிப்போட்டு வருசக்கணக்காகக் காத்திருந்து வாங்கியது. அது மாட்டுகிற மாதிரி நீளத் துவாரம் அவர் வீட்டுப் பழைய மெஷினில்தான் உண்டு, புது மெஷின்களில் கிடையாது. ஆனால் அந்தப் பழசு, திரையைப் படிக்கிற சாஃப்ட்வேரின் பாரம் தாங்காமல் முனகியது. ஒரு சொல் சொல்லும். நாம் போய் உலை வைத்துவிட்டு வரலாம். அப்புறம் அடுத்த சொல்.

லூர்து அண்ணன் மதுரையிலிருந்து ஒரு அப்கிரேட் கார்டு வரவழைத்தார். தீப்பெட்டி அகலம், தலையில் ஒரு குட்டி ஃபேன். பழைய புராசஸரை நெம்பி எடுத்துவிட்டு அதே குழியில் இதை உட்காரவைத்தால் வேகம் நாலு மடங்கு என்று அது வந்த அட்டைப்பெட்டியில் போட்டிருந்தது. உட்காரவைப்பதில்தான் விஷயம். கார்டின் ஒரு மூலையில் புள்ளி இருக்கும், குழியின் ஒரு மூலை வெட்டுப்பட்டிருக்கும். அந்த இரண்டும் சேர வேண்டும். திருப்பி வைத்தால் புகை வரும், அதோடு சோலி முடிந்தது. அடியில் இருக்கிற ஊசிகளில் ஒன்றுகூட வளையக் கூடாது. பிறகு போர்டில் ஜம்பர்களை மாற்ற வேண்டும். ஜம்பர் என்பது அரிசி அளவு பிளாஸ்டிக் தொப்பி, எந்த இரண்டு ஊசிக்குத் தொப்பி போடுகிறோமோ அதைப் பொறுத்து வேகமும் வோல்டேஜும் அமையும். லூர்து அண்ணன் புத்தகத்தைப் பார்த்துச் சொல்வார், நான் மாட்டுவேன். பிறகு நான் படிப்பேன், அவர் லென்ஸ் வைத்துச் சரிபார்ப்பார். அந்த நேரத்தில் போன் அடித்தால் எடுக்கக் கூடாது. விசில்கூடக் கிடையாது.

ஆன் செய்தோம். கணீரென்று ஓர் அமெரிக்க ஆண் குரல் கடையையே நிறைத்தது. டீ கொண்டுவந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். "யாருண்ணே உள்ள, வெள்ளக்காரத் தொர?" என்றார். கேட்க வந்திருந்த டீச்சர் கை தட்டினார். எனக்கு உச்சி குளிர்ந்துபோனது. அன்று மத்தியானமே டாக்ஸி பிடித்து, மெஷினைக் கம்பளியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, பள்ளி வளாகத்துக்குள் இருக்கும் அவர் குவார்ட்டர்ஸில் கொண்டுபோய் மாட்டினேன். அங்கேயும் பேசியது.

மறுநாள் காலையில் போன். "ஏம்மா ஈஸ்வரி, ஒங்க தொர செத்துட்டாரு."

போய்ப் பார்த்தேன். ஃபேன் சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, பேச்சு மூச்சில்லை. கடைக்குக் கொண்டுவந்தேன். வழக்கப்படி பெட்டிக்குள் வைத்து, எடுத்து மாட்டினால் கலகலவென்று பேசுகிறது. திரும்ப டீச்சர் வீட்டுக்கு. அன்றைக்குப் பேசும். விடிந்தால் வாய் மூடிக்கொள்ளும். இந்தக் கூத்து எத்தனை தரம் நடந்தது என்று எண்ணவில்லை, டாக்ஸிக்காரர் என்னைக் கண்டாலே கம்பளியை எடுத்து விரிக்க ஆரம்பித்துவிட்டார்.

"காலையில ஊரே ஹீட்டர் போடுது, வோல்டேஜ் எறங்குது" என்றார் லூர்து அண்ணன். ஸ்டெபிலைசர் வைத்தோம். பேசவில்லை. எர்த் சரியில்லை என்று டீச்சர் வீட்டு வாசலில் குழி தோண்டி உப்பும் கரியும் போட்டோம். பேசவில்லை. அப்கிரேட் கார்டைக் கழற்றிவிட்டுப் பழைய புராசஸரைப் போட்டுப் பார்த்தோம். அந்தக் கிழம் என்னவோ டீச்சர் வீட்டில், அதே காலைக் குளிரில், சமர்த்தாக ஓடியது. மதுரைக் கடைக்குப் போன் போட்டால், "அந்த போர்டுக்கு இது சப்போர்ட் இல்லீங்க போல, திருப்பி அனுப்பிருங்க" என்றார்கள்.

லூர்து அண்ணன் விசிலை மெதுவாக இழுத்துவிட்டு, "ஜாதகம் பொருந்தலத்தா. நல்ல கார்டு, நல்ல போர்டு. ரெண்டையும் சேத்து வச்சது நம்ம தப்பு. போயி கழட்டிட்டு வந்துரு" என்றார்.

பள்ளி திறக்க அப்போது ஒரு வாரம்கூட இல்லை. வேறு கார்டு வரவழைக்க நேரமில்லை. டீச்சருக்கு அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல், வெள்ளனே கிளம்பிப் போனேன். சனவரி மாதம். புல்லெல்லாம் உறைபனி வெளுத்துக் கிடந்தது. டீச்சர் வீட்டில் மெஷின் மூடியைக் கழற்ற உட்கார்ந்தால், கை விரல்கள் மரத்து ஸ்க்ரூடிரைவர் விழுந்துகொண்டே இருந்தது.

"கழட்டத்தானே வந்திருக்க?" என்றார் டீச்சர். "ஒன் நடையிலயே தெரியுது."

"ஆமா டீச்சர்" என்றேன்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். "இருபத்தஞ்சு வருசமா சத்தம் போட்டே பழகிட்டேன் ஈஸ்வரி. வீட்டுல உக்காந்து யாரப் பாத்து சத்தம் போடுவேன்?" என்றார். எனக்கு அவர் மேலேயே எரிச்சலாக வந்தது. அழுகை வரும்போதெல்லாம் எனக்கு எரிச்சல்தான் வரும். கடைசித் திருகாணியைக் கழற்றப் போனேன், ஸ்க்ரூடிரைவர் மறுபடியும் விழுந்தது.

"வெறச்சுக் கெடக்க பாரு. பீரோவத் தெற, கம்பளி ஸ்வெட்டர் இருக்கும், போட்டுக்க" என்றார்.

திறந்தேன். உள்ளே பல்பு எரிந்துகொண்டிருந்தது. ஸ்வெட்டர் அடுப்படியில் வைத்து எடுத்த மாதிரி அவ்வளவு கதகதப்பு. போட்டுக்கொண்டு கையிரண்டையும் பல்புக்குப் பக்கத்தில் நீட்டினேன். விரல்கள் மெல்ல மடங்கி நிமிர்ந்தன. அப்போதுதான் உறைத்தது. நாங்கள் அந்த மெஷினை ஒரு தடவைகூட குளிர்ந்திருக்கும்போது கடையில் போட்டுப் பார்க்கவே இல்லை. பெட்டியிலிருந்து எடுப்போம், சூட்டோடு மாட்டுவோம், ஓடும், கம்பளியில் சுற்றிச் சூடு குறையாமல் கொண்டுவந்து வைப்போம், ஓடும். ராத்திரி இந்த வீட்டில் கிடந்து ஜில்லிட்ட பிறகுதான் ஓடுவதில்லை.

"டீச்சர், ஒங்க சேலையெல்லாம் எடுத்துக் கட்டில்ல போடட்டுமா?"

"எதுக்குடி?"

"பொறவு சொல்றேன். வெரசா ஒரு காப்பி போடுங்க."

சேலைகளை அள்ளிக் கட்டிலில் கொட்டினேன். மிச்சமிருந்த திருகாணியையும் கழற்றி, மூடியை எடுத்துவிட்டு, மெஷினைத் தூக்கி பீரோவின் தட்டில், பல்புக்கு நேர் எதிரே வைத்துக் கதவைச் சாத்தினேன். காப்பி குடித்தோம். என்ன கூத்து நடக்கிறது என்று டீச்சர் நச்சரித்துக்கொண்டே இருந்தார். போர்டு கைக்குச் சூடாகத் தெரிகிற வரைக்கும் பொறுத்து, வெளியே எடுத்து மாட்டி ஆன் செய்தேன். தொரை வாய் திறந்தார்.

டீச்சர் எழுந்து வந்து மெஷின் மேல் கை வைத்தார். "சுடுது" என்றார். தடவிப் பார்த்துவிட்டு, "அப்ப இதுக்கும் குளுருதா?" என்றார்.

"ஆமா டீச்சர்."

"அப்பச் சரி. இத பீரோவுக்குள்ளயே வச்சிருவோம். நானும் உள்ள போயி உக்காந்து டைப் அடிச்சுக்கறேன். சிஸ்டர் வந்தா கதவத் தட்டட்டும்."

சிரித்துக்கொண்டே கார்டைக் கழற்றாமல் மெஷினை அப்படியே கடைக்குத் தூக்கிக்கொண்டு வந்தேன். லூர்து அண்ணன் வழக்கம்போல வாங்கிப் பெட்டிக்குள் வைக்கப் போனார். "வைக்காதீங்கண்ணே! ஒங்க பெட்டிதான் நம்மள இத்தன நாளா ஏமாத்துது" என்றேன். சொன்ன பிறகுதான் எவ்வளவு பெரிய வார்த்தை என்று தெரிந்தது. அந்தப் பெட்டியைப் பற்றி யாரும் அவரிடம் அப்படிப் பேசினது கிடையாது.

விசில் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. நடந்ததை முழுக்கக் கேட்டார். டீயைக் குடித்து முடித்தார். பிறகு எழுந்துபோய்ப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினார்.

"பழைய டிவி குளுருல படம் வராது, கொஞ்ச நேரம் ஓடிச் சூடானா வரும். எத்தன பாத்திருக்கேன்! டிவின்னா டக்குனு தோணியிருக்கும். கம்ப்யூட்டருன்னதும் ஜாதகம் பாக்கப் போயிட்டேன் பாரு. கெப்பாசிட்டருத்தா."

புராசஸர் குழியைச் சுற்றிக் குட்டி டிரம்கள் மாதிரி நிற்கிற பாகங்கள்தான் கெப்பாசிட்டர். கரண்டைத் தேக்கி வைத்து, கேட்கிற நேரத்தில் சீராகக் கொடுப்பது அவற்றின் வேலை. உள்ளே இருக்கும் ஈரப்பசை வருசம் போகப் போகக் காய்ந்துவிடும். காய்ந்தது குளிரில் இன்னும் மோசமாகும். பழைய புராசஸருக்குப் பசி கொஞ்சம், அதற்கு இந்த நோஞ்சான்கள் போதும். புதுக் கார்டு எழுந்ததுமே வயிறு முட்டக் கேட்கும். சூடாக இருந்தால் கெப்பாசிட்டர் எப்படியோ சமாளித்துக் கொடுத்துவிடும், ஜில்லென்று இருந்தால் கைவிரித்துவிடும். கார்டும் போர்டும் பொருந்தாமல் இல்லை. இடையில் இருந்தவைதான் தளர்ந்துபோயிருந்தன.

லூர்து அண்ணன் சால்டரிங் அயர்னை எடுத்தார். டிவிக்காக வாங்கி வைத்திருந்த கெப்பாசிட்டர்களில் அளவு பொருந்துபவற்றைப் பொறுக்கி, ஒவ்வொன்றையும் மீட்டரில் வைத்துப் பார்த்தார். பழசை எடுக்கும்போது போர்டில் ஓடுகிற செம்புத் தடம் பிய்ந்துவிடக் கூடாது. ஒரு பக்கக் காலைச் சூடாக்கிக் கொஞ்சம் சாய்ப்பார், மறுபக்கக் காலைச் சூடாக்கிக் கொஞ்சம் சாய்ப்பார், பால் பல் பிடுங்குகிற மாதிரி ஆட்டி ஆட்டி எடுப்பார். அவசரமே படவில்லை.

முடிந்ததும் மெஷினைப் பின்கதவு ஓரம் வெறும் சிமென்ட் தரையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனோம். மறுநாள் கடை திறக்கும்போது ரெஜினா டீச்சர் ஏற்கெனவே வந்து வாசலில் நின்றுகொண்டிருந்தார், யாரோ கையைப் பிடித்துக் கூட்டிவந்திருந்தார்கள். மெஷினின் இரும்பு ஐஸாக இருந்தது. "நானே போடறேன்" என்று தடவிப்பார்த்து அவரே பட்டனை அமுக்கினார். தொரை ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. லூர்து அண்ணன் குல்லாவைக் கழற்றிச் சிலுவை போட்டுக்கொண்டார். அவர் தலையை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

மிச்சமிருந்த நாட்களில் டீச்சர் ராப்பகலாக டைப் அடித்துப் பழகினார். பள்ளி திறக்கிற அன்று நாங்கள் யாரும் அங்கே போகக் கூடாது, உதவி செய்ததாக ஆகிவிடும். கடையைத் திறந்து வைத்துக்கொண்டு இரண்டு பேரும் ஒரு வேலையும் செய்யாமல் உட்கார்ந்திருந்தோம். வெளியே எதிர்க்கடைகூடத் தெரியாத பனிமூட்டம். அந்த மாதிரி குளிர் அந்த வருசம் அதுவரை அடிக்கவில்லை. மெஷின் வாய் திறக்குமா, திறக்காதா? லூர்து அண்ணன் இட்லித் தட்டிலிருந்த திருகாணிகளைக் குழி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தார்.

போன் அடித்தது. எடுத்தேன். யாரும் பேசவில்லை. தூரத்தில் அந்த அமெரிக்கக் குரல் மட்டும் கேட்டது. கொஞ்சம் கவனித்த பிறகுதான் புரிந்தது, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளின் பெயர்களைப் படித்துக்கொண்டிருந்தது. ரிசீவரைத் திருப்பிப் பிடித்தேன், லூர்து அண்ணன் பக்கத்தில் வந்து காதை ஒட்டினார்.

"ஆரோ... கியா... ராட்ஜ்" என்றது மெஷின்.

"ஆரோக்கியராஜ்!" என்று அதட்டினார் டீச்சர். "வாயத் தெறந்து சொல்லு."

"பாண்டை... செல்வை."

"பாண்டிச்செல்வி! ஒன்ன எவன் பெத்தான்?"

பின்னால் இன்னொரு பெண் குரல் விழுந்து விழுந்து சிரித்தது. அது சிஸ்டராகத்தான் இருக்க வேண்டும். ஒவ்வொரு பெயராக மெஷின் கொன்றுபோட, டீச்சர் ஒவ்வொன்றாக எழுப்பி நிறுத்தினார். கடைசிப் பெயர் வரைக்கும் விடவில்லை. என் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. லூர்து அண்ணன் மூக்கை உறிஞ்சினார், குளிர் என்றார்.

அந்தப் பக்கம் பள்ளி மணி கணகணவென்று அடித்தது. யாரோ ரிசீவரை எடுக்கிற சத்தம்.

"ஈஸ்வரியா? கேட்டியா?"

"கேட்டேன் டீச்சர். சிஸ்டர் என்ன சொன்னாங்க? டீச்சர், என்ன..."

"எல்லாம் சாயங்காலம் சொல்றேன், போன வை. எனக்கு கிளாஸ் இருக்கு."